எதனால் ஆயிற்று?

ஆடிக் கிருத்திகை நெருங்கும் நாட்களில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சுற்று நடந்தால் ‘இயற்கை’ என்ற சொல்லை எத்தனை முறை படிக்க நேர்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். மூலிகைப் பல்பொடி, மூட்டுவலித் தைலம், சர்க்கரைக்கு நாவல்கொட்டைப் பொடி, இதயத்துக்கு மருதம்பட்டைப் பொடி. பாக்கெட் எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலை, அதற்குக் கீழே ‘பக்க விளைவுகள் அற்றது’. நாலடி தள்ளிப் பூக்கடைகள். அங்கே கூடை கூடையாகச் செவ்வரளி, முருகனுக்கு உகந்த பூ. அரளியைவிட இயற்கையான ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றாமல் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் பூக்கிறது. ஆடு மாடு வாய் வைப்பதில்லை. ஏனென்றால் அதன் இலை, பூ, வேர், விதை எல்லாவற்றிலும் இதயத்தை நிறுத்தக்கூடிய பொருள் இருக்கிறது.

2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் இனி அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்தது. அரளியைத் தெரியாமல் மென்றதால் ஒரு இளம்பெண் இறந்திருக்கலாம் என்ற செய்தி வந்த பிறகு எடுத்த முடிவு அது. அந்தச் செய்தியைப் படித்த எங்கள் தெருப் பூக்காரம்மா, “சாமிக்குப் போடறதை நீ ஏன் வாயில போடற?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பூ பூதான். அது மாலையா மருந்தா விஷமா என்பதைப் பூ முடிவுசெய்வதில்லை.

நான் எழுத வந்தது அரளியைப் பற்றி அல்ல. ‘இயற்கையானது’ என்ற சொல் ஒரு நோயாளியிடம் என்ன வேலை செய்கிறது, செடியிலிருந்து எடுத்த பொருளை வைத்து ஆய்வகத்தில் இதயச் செல் வளர்க்கும் காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதுதான் கேள்வி. கேள்வி எனக்கு வந்தது புத்தகத்திலிருந்து அல்ல, என் தாய்மாமாவிடமிருந்து.

மாமாவுக்கு 57 வயது. விசைத்தறி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, பிழைத்தார். பிழைத்தது பழைய இதயம் இல்லை. எக்கோ எடுத்தால் பம்பிங் 30 சதவீதம் என்று வருகிறது. சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டியது. தினம் ஆறு மாத்திரை. அதில் ஒன்று தண்ணி மாத்திரை. இன்னொன்றுக்கு அவர் வைத்த பெயர் ‘லீவு மாத்திரை’. வாரத்தில் ஐந்து நாள் போட வேண்டும், சனி ஞாயிறு கிடையாது. போன வருடம் ஐப்பசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயத்துக்கு மாறினார்.

“மாத்திரையெல்லாம் கெமிக்கலு பாப்பா. இது மரத்துப் பட்டை. எங்க தாத்தா காலத்துலருந்து இருக்குது.”

“மாமா, அந்த லீவு மாத்திரை இருக்குல்ல, அதுவும் செடிதான்.”

சிரித்தார். “எந்த ஊரு செடி? நீ பார்த்திருக்கியா?”

நான் பார்த்ததில்லை. லீவு மாத்திரையின் பெயர் டிஜாக்ஸின். டிஜிட்டாலிஸ் என்ற ஐரோப்பியச் செடியின் இலையிலிருந்து இன்றும் பிரித்தெடுக்கப்படுகிறது. மூலக்கூறு அவ்வளவு சிக்கலாக இருப்பதால் தொழிற்சாலையில் முதலிலிருந்து கட்டுவதைவிடச் செடியை வளர்ப்பது லாபம். அரளியில் இருக்கும் பொருளுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டும் இதயச் செல்லின் சுவரில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பைத்தான் மறிக்கின்றன. அரளி விஷம் ஏறியவரின் ரத்தத்தைப் பரிசோதித்தால் டிஜாக்ஸின் இருப்பதாகவே கருவி காட்டும், அவ்வளவு ஜாடை. மருந்தின் அளவுக்கும் விஷத்தின் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. வார இறுதி லீவு அதனால்தான். ஆக, மாமா ‘கெமிக்கல்’ என்று குப்பையில் போட்டது ஒரு செடியை.

இதைச் சொல்லி வாதத்தில் ஜெயித்துவிடலாம். ஆனால் அவருடைய எதிர்க்கேள்வி என்னை விடவில்லை. ‘நீ பார்த்திருக்கியா?’ அவர் ‘இயற்கை’ என்று சொல்லும்போது வேதியியலைப் பற்றிப் பேசவில்லை, தூரத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மருதமரம் ஆற்றோரம் நிற்கிறது. பட்டையை உரித்தவர் யார், நாட்டுமருந்துக் கடைக்காரர் யார், கஷாயம் வைத்தது யார் என்பது எல்லாம் அவருக்குத் தெரியும். மாத்திரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஸ்ட்ரிப்பின் பளபளப்பு. அதை எழுதித் தந்த டாக்டர் ஒன்றரை நிமிடம் பேசினார், அதில் பாதி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. எந்த மாத்திரை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. ‘இயற்கை’ என்றால் மாமாவுக்கு, தன் கைக்கு எட்டுவது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் ஒரு முறையாவது அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்க்க வேண்டும்.

கஷாயத்தின் முதல் மாதம் மாமா நன்றாக இருந்தார். தலைசுற்றல் போயிற்று. தெரு முனைக் கடை வரை நடந்தார். “பார்த்தியா, பட்டை வேலை செய்யுது.” மார்கழியில் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது, ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாலு நாள் இருந்து திரும்பி வந்ததும் அவர் சொன்னது: “பனி ஒத்துக்கல. அந்தத் தறி தூசி வேற.” நல்லதானபோது பட்டையால் ஆயிற்று. கெட்டதானபோது பனியால் ஆயிற்று. முதல் மாதத் தெம்புக்குக் காரணம், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நின்று தலைசுற்றல் போனதாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னேன். இருவரிடமும் கணக்கு இல்லை. அவர் நம்பிக்கையைச் சொன்னார், நான் படிப்பைச் சொன்னேன்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தை நடத்தும்போது, இது இலக்கணம் மட்டுமில்லை என்று அழுத்திச் சொல்வார். இயற்கைப் பொருளைப் பற்றிப் பேசும்போது ‘இது இப்படிப்பட்டது’ என்று சொன்னால் போதும். நிலம் வலிது, நீர் தண்ணிது. செயற்கைப் பொருள் என்றால், அதாவது ஒரு செயலால் மாறிய பொருள் என்றால், ‘ஆயிற்று’ என்ற ஆக்கச்சொல்லைச் சேர்க்க வேண்டும். அந்த ஆக்கத்துக்கு முன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். எரு போட்டு, களையெடுத்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நன்றாயிற்று என்ற மாதிரியான உதாரணத்தை உரையாசிரியர்கள் தருகிறார்கள். பயிர் செடிதான், மண்ணில்தான் முளைக்கிறது. ஆனால் அதை ‘நன்றாயிற்று’ என்று சொன்ன நிமிடம் அது செயற்கையின் இலக்கணத்துக்குள் வந்துவிடுகிறது. இலக்கணம் அங்கே பார்ப்பது பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அல்ல, அதற்கு என்ன நேர்ந்தது என்பதை.

இந்தப் பிரிவினை இன்றைய பாக்கெட்டில் இருக்கும் பிரிவினையைவிட எனக்குக் கூர்மையாகத் தெரிகிறது. மருதமரம் ஆற்றோரம் நிற்கும்வரை அது இயற்கைப் பொருள். ‘துவர்க்கும்’ என்று சொன்னால் போதும். பட்டையை உரித்து, காய்ச்சி, பலவீனமான இதயம் உள்ள ஒருவருக்குக் கொடுத்து, ‘நல்லாயிடுச்சு’ என்று சொல்கிறோமே, அப்போது அது செயற்கை. ஆக்கம் வந்துவிட்டது. காரணம் சொல்ல வேண்டும்.

மலைமேல் சுவாமிக்குச் சாத்திய சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் தணியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. முருகனே கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால்தான் தணிகை என்ற பெயர் என்பார்கள். அதன்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அது பிரார்த்தனை, அதைக் குடிப்பவர் மாத்திரையை நிறுத்துவதில்லை. பாக்கெட் வேறு. அது கூற்று.

செடியும் இதயச் செல்லும் சந்திக்கும் இடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்து ஒரு ஆய்வகத்தில் இரண்டு வருடம் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். எங்கள் வேலை ஐ.பி.எஸ். செல்களைப் பராமரிப்பது. (வீட்டில் அம்மா இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லப்போய், நான் போலீஸ் வேலைக்குப் படிப்பதாக ஒரு வதந்தி கிளம்பியது.) 2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் சாதாரணச் செல்லில் நான்கு மரபணுக்களை நுழைத்து அதைக் கருவின் ஆரம்ப நிலைக்குத் திருப்பினார். 2007-ல் மனிதச் செல்லிலும் அது முடிந்தது. 2012-ல் நோபல். உங்கள் தோலில் அல்லது ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, பின்னோக்கி ஓட்டி, பிறகு வேறு திசையில் முன்னோக்கி ஓட்டினால் இதயச் செல் ஆகலாம், நரம்புச் செல் ஆகலாம். திருத்தணியிலிருந்து அதிக தூரமில்லாத வேலூரில், சி.எம்.சி.யும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து உருவாக்கிய ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் இந்த வகைச் செல்களை உருவாக்குகிறார்கள்.

இதயச் செல்லாக மாற்றும் செய்முறையில் முதல் நாள் ஒரு ரசாயனம், மூன்றாம் நாள் அதற்கு எதிரான இன்னொன்று. முதலாவதின் பெயர் சி.எச்.ஐ.ஆர். 99021, எந்தச் செடியிலும் இல்லாதது. பிறகு காத்திருக்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் ஒரு காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தட்டின் ஒரு மூலை அசையும். அதை யாரும் துடிக்கச் சொல்லவில்லை. நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது, உடம்பே கிடையாது. முதல் முறை பார்த்தபோது நானும் என்னோடு வேலை செய்த பெண்ணும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் அவள், “யாரோடதுடி இது?” என்றாள். செல் கொடுத்தவர் ஒரு எண்ணாக மட்டும் எங்களுக்குத் தெரியும்.

தமிழில் துடிப்பது இதயம் மட்டுமில்லை. பாசத்தில் துடிப்போம், வலியில் துடிப்போம், மீசைகூடத் துடிக்கும். தட்டில் துடித்ததற்கு இவை எதுவும் இல்லை. கால்சியம் உள்ளே வந்தது, வெளியே போனது, அவ்வளவுதான். ஆனாலும் பரிசோதனை முடிந்து பிளீச் ஊற்றும் நாளில் அந்தப் பெண் தட்டைப் பார்க்காமல் ஊற்றுவாள். அதை உணர்ச்சிவசப்படுதல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தட்டில் மனிதர் இல்லை. தட்டுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார், கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுத்தவர்.

செடி இங்கே எப்படி வருகிறது? 2003-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் எலியின் கருமூலச் செல்களை வைத்து, எந்தப் பொருள் அவற்றை இதயச் செல்லாக மாறத் தூண்டும் என்று 880 பொருட்களைச் சோதித்தார்கள். தேறியது ஒன்றுதான், அஸ்கார்பிக் அமிலம். வைட்டமின் சி. நம் நெல்லிக்காய். அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கனியின் ஞாபகம் உங்களுக்கு வந்தால் எனக்கும் வந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். இன்றும் இதயச் செல் வளர்க்கும் பரவலான ஊட்டக் கரைசல் ஒன்றில் அதன் நிலைப்படுத்திய வடிவம் இருக்கிறது. 2005-ல் சீன ஆய்வாளர்கள், அவர்களுடைய மரபு மருத்துவச் செடி ஒன்றிலிருந்து பிரித்த இக்காரின் என்ற பொருளும் எலிச் செல்களை அதே திசையில் தள்ளுவதைக் காட்டினார்கள். கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் நம் உடம்பில் வைட்டமின் ஏ ஆகி, அதிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் வருகிறது. அதைச் சரியான நாளில் சேர்த்தால் செல்கள் இதயத்தின் மேலறைச் செல்களாகின்றன. அதே குடும்பத்து மருந்தை முகப்பருவுக்குச் சாப்பிடும் பெண் கர்ப்பமாகக்கூடாது. கருவின் உறுப்புகளையே அது கலைத்துவிடும்.

எனக்குப் பிடித்தது வெங்காயக் கதை. தட்டில் எல்லாச் செல்லும் ஒழுங்காக மாறிவிடாது. சில, ஆரம்ப நிலையிலேயே தங்கிவிடும். அவற்றையும் சேர்த்து ஒருவர் உடம்பில் வைத்தால் டெரட்டோமா என்ற கட்டி வளரலாம். 2013-ல் கொரிய ஆய்வாளர்கள், வெங்காயத்தில் நிறைய உள்ள குவர்செட்டின் அந்த மாறாத செல்களை மட்டும் கொல்கிறது, மாறிய செல்களை விட்டுவிடுகிறது என்று காட்டினார்கள். பின்னர் 2017-ல், மாறாத செல்களைக் கொல்ல டிஜாக்ஸினையும் பயன்படுத்தலாம் என்று தைவானிலிருந்து ஒரு ஆய்வு. மாமாவின் லீவு மாத்திரையேதான்.

இதைப் படித்துவிட்டு யாராவது ‘வெங்காயம் இதயத்தை வளர்க்கும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அனுப்பியும் இருப்பார்கள். தட்டில் நேரடியாக ஊற்றும் அளவும், சாம்பாரில் போட்டு வயிறு, குடல், கல்லீரல் தாண்டி ரத்தத்துக்கு வந்துசேரும் அளவும் ஒன்றல்ல. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆய்வகத்தில் ஊற்றும் வைட்டமின் சி நெல்லிக்காயிலிருந்து வந்ததில்லை. குளுக்கோஸிலிருந்து தொழிற்சாலையில் செய்தது. செல்லுக்கு இது தெரியாது. மூலக்கூறுக்குப் பிறந்த ஊர் ஞாபகம் கிடையாது. ஆட்டின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்கிறது. நமக்கு அந்த மரபணு பழுதாகி யுகங்கள் ஆகிவிட்டன. இதில் எது இயற்கை, எது செயற்கை என்று பிரிக்க உட்கார்ந்தால் வேலை முடியாது.

நம் இதயமே அந்தப் பிரிவினைக்கு அடங்குவதில்லை. பெரியவர்களின் இதயச் செல்கள் புதிதாகப் பிறக்கின்றனவா என்பது நீண்ட காலச் சண்டை. 2009-ல் சுவீடனில் யோனாஸ் ஃபிரிசேனின் குழு அதைத் தீர்த்த விதம் விசித்திரமானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததில் காற்றில் கார்பன்-14 ஏறியது. செடி வழியாக, சோறு வழியாக எல்லோர் உடம்புக்குள்ளும் போனது. இதயச் செல்லின் டி.என்.ஏ.வில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து செல்லின் பிறந்த வருடத்தைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் வருடத்துக்கு ஒரு சதவீதம் செல் புதுப்பிக்கப்படுகிறது, 75 வயதில் அரை சதவீதத்துக்கும் கீழே. மாரடைப்பில் ஒரே நாளில் நூறு கோடி செல்கள் வரை செத்துப்போகலாம். இந்த வேகத்தில் ஈடு கட்ட முடியாது. மாமாவின் 30 சதவீதத்துக்கு உடம்பிடம் பதில் இல்லை. அதனால்தான் தட்டில் துடித்ததைப் பார்த்து உலகமே ஆசைப்படுகிறது.

ஆசைப்பட்டு முயன்றும் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் குரங்குகளின் பழுதான இதயத்தில் மனிதக் கருமூலச் செல்களிலிருந்து வளர்த்த இதயச் செல்களை வைத்தார்கள். செல்கள் பிடித்துக்கொண்டன, கூடவே துடித்தன. கொஞ்ச காலம் இதயத் துடிப்பு தாறுமாறாகவும் ஆயிற்று. புதிதாகக் குடிவந்தவர்கள் தங்கள் தாளத்திலேயே அடித்தார்கள். 2020-ல் ஒசாகாவில் யோஷிகி சாவாவின் குழு ஐ.பி.எஸ். செல்லில் செய்த இதயத் தசைத் தகட்டை ஒரு நோயாளிக்கு முதல்முறையாக வைத்தது. பதிவு செய்து, கண்காணித்து, மெதுவாக.

மார்கழியில் மாமா திரும்பி வந்த சில வாரங்களில் என் தம்பி ஒரு கையேட்டோடு வந்தான். பெரிய நகரம் ஒன்றின் தனியார் கிளினிக். ‘உங்கள் சொந்த ஸ்டெம் செல். நூறு சதவீதம் இயற்கை. ஆபரேஷன் இல்லை, பக்க விளைவு இல்லை.’ அதே பச்சை இலை, இந்த முறை பளபளப்பான காகிதத்தில். மூன்று லட்சம், இரண்டு தவணை. அத்தை தன் வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் போன் செய்து கேட்டேன்: எந்தச் செல், எத்தனை, இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள், பரிசோதனைப் பதிவு எண் என்ன? அந்தப் பக்கம் பேசிய பெண் மிகவும் பொறுமையாக, “மேடம், இது உங்க பாடியிலேருந்தே எடுக்கறது, நேச்சுரல், அதனால ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்லை” என்றார்.

ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை போன்ற ஏற்கப்பட்டவை தவிர, அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம் செல் கொடுப்பது முறைகேடு. பரிசோதனை என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பரிசோதனைக்கு உட்படுபவரிடம் அதற்காகக் காசு வாங்கக்கூடாது. பதிவும் இல்லாமல், பணமும் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கில்லை. வளர்ந்தவரின் இதயத்திலேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்று பல வருடம் உலகை நம்பவைத்த பியரோ அன்வெர்சாவின் 31 ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018-ல் ஹார்வர்டே கேட்டுக்கொண்டது. அந்தக் கட்டுரைகளை நம்பி எத்தனை ஆய்வாளர்கள் தங்கள் வருடங்களைச் செலவழித்திருப்பார்கள்! ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே எழுதி வைத்திருந்தார்கள். எழுதி வைத்ததால் பிடிபட்டது.

நாட்டுமருந்துக் கடைப் பொட்டலமும் மூன்று லட்ச ரூபாய் ஊசியும் என் கண்ணில் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன, பணத்தைத் தவிர. இரண்டும் மாமாவின் மேல் ஒரு பரிசோதனை செய்கின்றன. பரிசோதனை என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; எல்லா மருந்தும் யாரோ ஒருவர் உடம்பில் முதல்முறை சோதிக்கப்பட்டதுதான். இவை இரண்டும் குறிப்பெடுக்காமல் செய்யப்படும் பரிசோதனைகள் என்பதே என் புகார். மாமா செத்திருந்தால் அது பனியால் ஆகியிருக்கும். பிழைத்தால் பட்டையால், அல்லது ஊசியால். எந்த வழியிலும் அடுத்த நோயாளிக்கு எதுவும் தெரியவராது. ஒருவர் தன் உடம்பை, தெரிந்தோ தெரியாமலோ, பணயமாக வைத்திருக்கிறார். அதிலிருந்து பிறருக்கு ஒரு வரி அறிவுகூடக் கிடைக்காமல் போவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு என்றே நினைக்கிறேன்.

டிஜாக்ஸினின் கதையைத் திரும்பப் பார்த்தால் இது தெரியும். இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஒரு கிழவி இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளைக் கலந்து நீர்வீக்கத்துக்கு ரகசிய மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் இலைதான் என்று ஊகித்தவர் வில்லியம் விதரிங் என்ற டாக்டர். 1785-ல் அவர் எழுதிய புத்தகத்தில் குணமானவர்களை மட்டும் பொறுக்கிப் போடவில்லை. தோற்ற கேஸ்களையும் சேர்த்தே அச்சிட்டார். கிழவியிடம் இருந்தது அறிவுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிழவியோடு புதைந்துபோயிருக்கக்கூடிய அறிவு. மருதம்பட்டைக்கும் அப்படி உட்கார்ந்து எழுதியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 1995-ல் இந்தூரில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 12 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. 2016-ல் எய்ம்ஸ் குழுவினர் நிறைய நோயாளிகளை வைத்து, வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாமல் அவற்றோடு சேர்த்துப் பட்டைச் சாற்றைக் கொடுத்து, 12 வாரம் பார்த்தார்கள். பம்பிங் கூடவில்லை. சிலருக்கு நடக்கும் திறனும் அன்றாட சௌகரியமும் கொஞ்சம் மேம்பட்டன. இந்தப் பதில் யாருக்கும் கோஷம் போட உதவாது. எனக்கு இது மரியாதையான பதிலாகப் படுகிறது, மரத்துக்கும் நோயாளிக்கும்.

தட்டில் துடிக்கும் செல்லின் முதல் பயன் இங்கேதான் என்று நினைக்கிறேன். அதைக் கொண்டுபோய் மாமாவின் நெஞ்சில் வைக்கும் நாள் தூரத்தில் இருக்கலாம். அதற்கு முன்னால், ஒரு புது மருந்தோ ஒரு பழைய பட்டையோ மனித இதயச் செல்லின் தாளத்தைக் கலைக்குமா என்று மாமாவிடம் கேட்காமல் தட்டிடம் கேட்கலாம். மருந்துக் கம்பெனிகள் இந்தச் செல்களை இதற்குப் பயன்படுத்தத் தொடங்கி வருடங்கள் ஆகின்றன. அரளியின் விஷம் அந்தத் தட்டில் தெரியும், மருதத்தின் குணமும் ஓரளவு தெரியும். செடிகள் உதவி செய்து வளர்ந்த செல், செடிகளைச் சோதிக்கிறது. யாரோ பெயர் தெரியாத ஒருவர் கொடுத்த ரத்தம், முதல் ஆபத்தை மாமாவுக்குப் பதிலாகத் தாங்குகிறது. ‘யாரோடதுடி இது?’ என்ற கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போது தோன்றுவது, அது யாருடையது என்பதைவிட யாருக்காகத் துடிக்கிறது என்பது.

இங்கே எனக்குள்ளேயே ஒரு எதிர்வாதி இருக்கிறார். காரணம் கேட்கும் உரிமை எல்லோருக்கும் சமமாக இருக்கிறதா? பட்டைப் பொட்டலம் விற்பவரிடம் பதிவேடு கேட்கும் நான், ஒன்றரை நிமிட டாக்டரிடம் என்ன கேட்டேன்? மாமா பழைய மாத்திரைகளை நிறுத்தியதும் ஒரு தகவல்தான். தலைசுற்றல் அவருக்கு உண்மை. அதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை, கேட்டிருந்தால் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கலாம். மருத்துவமனை தன் கணக்கை எழுதுகிறது. நோயாளியின் கணக்கை எழுதுவதில்லை. எங்கள் ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1908-ல் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. எல்லாம் ஒன்றே என்ற தத்துவத்தில் நல்லது கெட்டதுக்கு இடம் ஏது என்ற குற்றச்சாட்டுக்கான பதில். எல்லாம் இயற்கையே என்பவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். எல்லாம் விஞ்ஞானமே என்பவர்களிடமும் கேட்கலாம்.

மூன்று லட்சம் கொடுக்கவில்லை. என் வாதத்தால் அல்ல, போனில் அந்தப் பெண் ‘ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்லை’ என்றபோது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, “ரேஷன் கார்டுக்கே பதிவு கேக்கறான், இதுக்கு வேணாமாமா?” என்று வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மாமா மாத்திரைக்குத் திரும்பியிருக்கிறார். கஷாயத்தை விடவில்லை. இப்போதைய டாக்டர் ஒரு இளம்பெண்; அவரிடம் அத்தை பட்டையைப் பற்றி மறைக்காமல் சொன்னபோது அவர் திட்டவில்லை, எவ்வளவு, எந்த வேளையில் என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். பொட்டாசியத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். தண்ணி மாத்திரை பொட்டாசியத்தை இறக்கினால் லீவு மாத்திரை விஷமாகலாம் என்பதை அவர்தான் அத்தைக்குப் புரியும்படி சொன்னார். அன்றிலிருந்து அத்தை தினசரி காலண்டரில் ராசிபலனுக்குப் பக்கத்தில் இருக்கும் கொஞ்சம் வெள்ளை இடத்தில் எழுதுகிறார்: காலை எடை, கால் வீக்கம் உண்டா இல்லையா, தலைசுற்றல், கஷாயம் ஒரு டம்ளர். கிழித்த தாள்களை க்ளிப்பில் கோத்து வைத்திருக்கிறார். நேற்று பார்த்தேன், தை 9-ஆம் தேதித் தாளில் ‘வீக்கம் இல்லை’ என்று எழுதி, அதை அடித்து, ‘கொஞ்சம்’ என்று திருத்தியிருந்தார்.